அளவும் களவும்

சிவகாசியில் பட்டாசு மருந்து கலக்கும் தொழிலாளிக்கு ‘அளவு’ என்னும் சொல்லுக்கு எவரும் பொருள் கூற வேண்டியதில்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் அளவு பிறழ்ந்து சேர்ந்தால் என்ன நேரும் என்பதை இந்த மண் பலமுறை கண்டிருக்கிறது. இங்கிருந்து திருக்குறளின் ‘கள்ளாமை’ அதிகாரத்தைப் படிக்கையில் ஒன்று நெஞ்சில் தைக்கிறது. 286 முதல் 289 வரை அடுத்தடுத்து நான்கு குறட்பாக்களில் களவுக்கு எதிராக வள்ளுவர் நிறுத்தும் சொல் ‘அளவு’. எதுகைக்காக மட்டும் வந்த சொல் அன்று அது. களவில் ஊறிய நெஞ்சம் அளந்து வாழும் ஆற்றலை இழக்கிறது என்பது அவர் முடிபு.

இதற்கு நேர்மாறானது அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1968-இல் வெளியிட்ட கட்டுரை. கிடைக்கும் ஆதாயம், பிடிபடும் வாய்ப்பு, தண்டனையின் கடுமை ஆகியவற்றைச் சீர்தூக்கியே ஒருவன் குற்றத்தில் இறங்குகிறான் என்றார் அவர். இந்த எண்ணம் பிறந்த கதையை 1992-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவரே சொல்கிறார். மாணவர் ஒருவருக்குத் தேர்வு நடத்தக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றவருக்கு நேரமாகிவிட்டது. கட்டண நிறுத்தத்தைத் தேடுவதா, அபராதத்துக்குத் துணிந்து தெருவிலேயே காரை விடுவதா? கணக்கிட்டார், தெருவில் விட்டார், பிடிபடவில்லை.

இக்கோட்பாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. கள்வனும் நம்மைப் போல் தேர்ந்து செயல்படும் மனிதனே என்னும் மதிப்பு அதில் உண்டு. அந்த மதிப்பை மறுத்த சட்டம் நம் நாட்டில் இருந்தது. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்து, பிறப்பையே குற்றமாக்கியது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களுள் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1947-இல்தான் அச்சட்டம் இம்மாகாணத்தில் நீங்கியது.

ஆயினும் பெக்கரின் தராசில் ஏறாத களவும் உண்டு. புனித அகுஸ்தினார் தம் பதினாறாம் வயதில் தோழர்களுடன் பேரிக்காய் திருடியதை ‘ஒப்புதல்கள்’ நூலின் இரண்டாம் பகுதியில் அறிக்கையிடுகிறார். பசி இல்லை, வீட்டில் அதனினும் நல்ல கனிகள் இருந்தன, திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். விலக்கப்பட்டது என்பதே அதன் சுவை. தனியே இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்கிறார். இதில் ஆதாயம் எது?

பரிமேலழகர் வள்ளுவரின் ‘அளவு’க்கு உயிர் முதலியவற்றை அளந்தறிதல் என்று உரை காண்பது இங்கே துணைசெய்கிறது. பெக்கரின் கள்வன் பொருளை அளக்கிறான், தன்னை அளப்பதில்லை. காவலும் தண்டனையும் அவன் கணக்கை மாற்றலாம். அது சமூகத்துக்குத் தேவையும்கூட. கணக்கு மாறியதாலேயே மனம் மாறிவிட்டதாகக் கொள்ளலாகாது.

களவு பிறப்பின் விதியானால் மனந்திரும்ப வழியில்லை. வெறும் கணக்கானால் மனந்திரும்பத் தேவையே இல்லை. கல்வாரியில் சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனுக்குத் தண்டனை குறையப்போவதில்லை. ஆதாயக் கணக்கு முடிந்துவிட்டது. அப்போதுதான் அவன் தன்னை அளந்தான்.