அசுத்த ரத்தம் என்று ஒன்று இல்லை

எங்க பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ரத்தம் ரெண்டு சாதி. சிவப்பு சாக்பீஸில் வரைந்தால் சுத்த ரத்தம், நீலத்தில் வரைந்தால் அசுத்த ரத்தம். வாத்தியார் நீலத்தைக் காட்டி 'அசுத்தம்' என்றபோது வகுப்பில் ஒருத்தன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஐயப்பன்தாங்கலில் கழிவுநீர் லாரி கடந்துபோகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வருது.

உடற்கூறு சொல்வது வேறு. அந்த ரத்தம் நீலமே கிடையாது, கருஞ்சிவப்பு. ஓய்வாக இருக்கிற ஆளின் உடம்பைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும்போதும் அதன் ஹீமோகுளோபினில் சுமார் முக்கால் பங்கு ஆக்சிஜனோடுதான் இருக்கு. குடலிலிருந்து சத்தைக் கல்லீரலுக்குச் சுமந்து போவதும் இந்த வகை ரத்தமே. 'ஆக்சிஜன் குறைந்த ரத்தம்' என்றால் போதுமே. உழைத்துத் திரும்புகிற ரத்தத்துக்கு அசுத்தம்னு பேர் வைத்தது, மொழிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த தீட்டு.

டயாலிசிஸை ரத்த சுத்திகரிப்பு என்கிறோம். அம்மோனியாவை யூரியாவாக்கும் கல்லீரலையும், அதை வெளியேற்றும் சிறுநீரகத்தையும் யாரும் தீண்டத்தகாத உறுப்பு என்பதில்லை. பழுதானால் பதறி ஓடுகிறோம். ஊருக்கு அதே வேலை செய்கிற மனுசனுக்கு மட்டும் தனிக் குவளை.

பத்திரிகைத் தமிழையும் பாருங்கள்: 'விஷவாயு தாக்கிப் பலி.' ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மோப்பம் மரத்துப்போகும். நாற்றம் போயிடுச்சுன்னு நினைக்கிற நேரத்தில்தான் ஆபத்து. செல்லுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. இவ்வளவும் மருத்துவம். குழிக்குள் இறக்கிவிட்டது யார் என்பதை அந்த மூணு சொல் முழுங்கிவிடுகிறது.

1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். 2014-இல் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்றது. 2023-இல் 30 லட்சம் என்றது. இடையில் 2020-இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கியது. பேரில் மரியாதை வந்தது நல்லதுதான். ஆனால் குழிக்குள் சாவது நிற்கவில்லை.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். வாயு தானாக யாரையும் குழிக்குள் இறக்குவதில்லை. இறக்கியவரை எழுவாயாக வைத்து அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.