உலையும் திருவிருந்தும்

சாதியைக் குறித்துத் திருச்சபை வாய்திறப்பதில்லை என்று இன்று எவரும் குறைகூற இயலாது. மாமன்றங்கள் தீர்மானங்களை நிறைவேற்றுகின்றன. கருத்தரங்குகள் அறிக்கைகளை வெளியிடுகின்றன. தலித் இறையியல் நம் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும், ஒரு சபை மெய்யாகவே எதை நம்புகிறது என்று அறிய விரும்புவோர் அதன் ஆராதனையையும் பந்தியையும் நோக்குதலே தகும். இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைக்க முயன்ற ஒரு படைப்பை, அதாவது அருள்திரு தியோபிலஸ் அப்பாவு அவர்களின் கிராமிய இசை வழிபாட்டை, இங்கு ஆய்ந்து பார்க்க முற்படுகிறோம்.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அப்பாவு (1940–2005), மாணவரிடையே ‘பரட்டை’ என்னும் பெயரால் அறியப்பட்டவர். வழிபாட்டு முறைமையை நாட்டுப்புற மெட்டுகளில் அமைத்து, உழைக்கும் மக்களின் பேச்சுத்தமிழை அதன் மொழியாக்கினார். சாவு வீட்டுக் கருவி என்று தீட்டாக ஒதுக்கப்பட்ட பறைக்கு வழிபாட்டில் இடமளித்தார். கடவுளைத் தந்தை என்று மட்டும் விளிக்காமல், தாயையும் தந்தையையும் ஒருங்கே சுட்டும் ‘பெத்தவர்’ என்னும் சொல்லால் விளித்தார். இவை அனைத்திற்கும் அடித்தளமாக இருப்பது ‘ஒரு உலை’ என்னும் கருத்து. ஒரே உலையில் பொங்கி உண்பவரே ஒரு குடும்பத்தார் என்பது நம் மக்களின் வழக்கு. உலை பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்று பொருள். திருவிருந்தை இவ்வழக்கின் ஒளியில் நோக்கியதே அப்பாவுவின் தனிச்சிறப்பு எனலாம்.

இதன் ஆழத்தை உணர, நம் இசை மரபின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் நம் சபைகளின் பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதே சாஸ்திரியார், சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற மிஷனெரிமாரின் போக்கை மறுத்து 1829-இல் எழுதினார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபையிலிருந்து உடனடியாகவும் முற்றிலுமாகவும் நீக்கப்பட வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகவும் துணிந்தனர். உயர்ந்த இசையும் தனித்தனி இருக்கையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருந்தன. பாடலின் இனிமை பந்தியின் ஒருமைக்கு உறுதியளிப்பதில்லை என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது. மிஷனெரிமார் ஆணையால் செய்ய முயன்றதை, அப்பாவு மக்களின் சொந்த வழக்கிலிருந்தே எழுப்ப முயன்றார்.

இதற்குத் திருமறையின் சான்றும் உண்டு. அந்தியோகியாவில் புறவினத்தாருடன் உண்டுவந்த பேதுரு, சிலருக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகியபோது, பவுல் அதனை உணவுப் பழக்கம் பற்றிய சிறு பூசலாகக் கருதவில்லை. நற்செய்தியின் உண்மையே அங்கு குலைவதாகக் கண்டார். கொரிந்துவில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறித்திருந்தபோது, அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று கடிந்தார். உலையைப் பற்றிய பேச்சு வெறும் உவமையன்று. அது நற்செய்தியின் மையத்தைத் தொடுவது.

இனி, இப்படைப்பில் நாம் காணும் குறைகளையும் கூறுதல் நேர்மையாகும். முதலாவது, ‘கிராமியம்’ என்னும் சொல்லே நம்மை மயக்கக்கூடும். நம் கிராமம் ஒன்றன்று. ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு. கிராமத்தைப் புகழ்வோரை அரசியல் நிர்ணய சபையில் 1948-இல் அம்பேத்கர் கடுமையாகச் சாடியதன் காரணமும் இதுவே. அப்பாவு இதனை அறியாதவரல்லர். ஆனால் அவருடைய மெட்டுகளைக் கையாளும் நம் சபைகளோ பறையின் ஓசையை ஏற்றுக்கொண்டு, அதனை அடித்தவர்களின் வரலாற்றை வெளியே நிறுத்திவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை விழா மேடையில் முழங்கி அடுத்த வாரமே மறக்கப்படும் பறை, விடுதலையின் கருவியாகாமல் காட்சிப் பொருளாகிவிடும்.

இரண்டாவது, உலை ஒன்று என்கிறோம். அதன்முன் நின்று புகையுண்பவர் யார்? கடவுளைப் ‘பெத்தவர்’ என்று விளிக்கும் வழிபாடு, அடுப்படியில் நிற்கும் பெண்ணின் உழைப்பையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதையே அதன் உட்பொருளாகக் கொண்டது. ஆயினும் ஐக்கிய விருந்துகளில் பெண்கள் சமைக்க, ஆடவர் முதற்பந்தியில் அமரும் வழக்கம் பல சபைகளில் மாறியபாடில்லை. உணவைப் பகிர்வது எளிது. உழைப்பைப் பகிர்வதே கடினம்.

இவற்றை நாம் வலியுறுத்துவதற்கு இன்றைய காரணமும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் உரிமையளித்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவ தலித் மக்கள் விடப்பட்டனர். இவ்வநீதியை எதிர்த்துத் திருச்சபை போராடுவது முற்றிலும் நியாயமே. ஆனால் அப்போராட்டத்தில் நாம் முன்வைக்கும் வாதம் யாது? மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை நீங்கவில்லை என்பதன்றோ? அவ்வாறாயின் அரசிடம் நாம் நீட்டும் மனுவே நம் பந்திக்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் எதிரான சாட்சியாகிறது. அரசின் கதவைத் தட்டும் கை தன் வீட்டுக் கதவைத் திறவாதிருத்தல் தகுமோ?

ஆகவே, இவ்வழிபாட்டைத் தம் சபைகளில் நடத்த விழையும் போதகர்களுக்கும் குருத்துவ மாணவர்களுக்கும் நாம் கூறக்கூடியது இதுவே: பாடல்களைப் பயிற்றுவிக்குமுன் ஒரு பொது உணவை ஒழுங்குசெய்யுங்கள். அரிசி எல்லா வீடுகளிலிருந்தும் வரட்டும். ஆண்களும் பெண்களும், தெருவும் சேரியும் ஒன்றாக நின்று பொங்கட்டும். யார் வரவில்லை, யார் வந்தும் உண்ணவில்லை என்று கவனியுங்கள். அன்று வராதவரின் வீட்டிற்கு மறுநாள் செல்வதே அருட்பணியின் தொடக்கம்.