வழிகாட்டி யாருக்காக?

ஓர் இலக்கியப் படைப்பை மதிப்பிடும்போது அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் நோக்குகின்றோம். அது யாருக்காக எழுதப்பட்டது என்றும் கேட்கின்றோம். இக்கேள்வியை மருத்துவ ஏடுகளிடமும் கேட்பது நம் கடமையாகும்.

இலேசான மூளைக் காயத்துக்கான சிகிச்சை வழிகாட்டிகள் பல நாடுகளில் வெளிவந்துள்ளன. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2003 இல் வெளியிட்ட தலைக்காய வழிகாட்டியைப் பலமுறை திருத்தி, 2023 இல் மீண்டும் புதுப்பித்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் 2011 இல் ஒரு வழிகாட்டி தோன்றி, 2013 இலும் 2018 இலும் திருத்தம் பெற்றது. இத்தகைய ஏடுகளின் தரத்தை அளப்பதற்கு ‘அக்ரீ’ என்னும் அளவுகோல் உண்டு. 2010 இல் வெளிவந்த அதன் இரண்டாம் வடிவம் 23 கூறுகளையும் 6 பிரிவுகளையும் உடையது. நோக்கம், சம்பந்தப்பட்டோரின் பங்கேற்பு, ஆக்கமுறையின் கண்டிப்பு, எடுத்துரைப்பின் தெளிவு, நடைமுறைப் பயன்பாடு, பதிப்புச் சுதந்திரம் என்பன அப்பிரிவுகள். பணம் கொடுத்தவரின் கருத்து ஏட்டின் உள்ளடக்கத்தைப் பாதித்ததா என்று வெளிப்படையாகக் கேட்கும் இவ்வளவுகோலை நாம் வரவேற்கின்றோம்.

ஆயினும் அது காட்டும் உண்மை கசப்பானது. 1980 முதல் 2007 வரை பல்வேறு நோய்கள் பற்றி வெளிவந்த 626 வழிகாட்டிகளுக்கு, அக்ரீயின் முதல் வடிவத்தைக் கொண்டு இடப்பட்ட புள்ளிகள் 2010 இல் தொகுக்கப்பட்டன. நோக்கத்துக்கு நூற்றுக்கு 64, தெளிவுக்கு 60 என்று சராசரி கண்டவை, பங்கேற்பில் 35 ஆகவும் நடைமுறைப் பயன்பாட்டில் 22 ஆகவும் வீழ்ந்தன. உருவம் செம்மையுற்றது, மக்களின் வாழ்க்கை ஏட்டுக்கு வெளியே நின்றது.

இக்குறை மற்றெந்த நோயிலும் பார்க்க இலேசான மூளைக் காயத்தில் ஆபத்தானது. 1974 இல் ரீஸ்டேல், ஜெனற் என்னும் இருவர் வகுத்த கிளாஸ்கோ அளவையில் 13 முதல் 15 வரை பெறுவோரே இவ்வகையினர். இவர்களிற் பெரும்பாலோர் குணமடைவர்; மிகச் சிலருக்கு மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்து உயிருக்கே கேடு விளையும். அச்சிலரை இனங்காண்பதே வழிகாட்டியின் தலையாய பணி. அப்பணியின் ஒரு பகுதி நோயாளியின் பேச்சிலும், மறுபகுதி அவர் வீட்டிலும் நிகழ்கின்றது.

பேச்சை முதலில் நோக்குவோம். பெயர், இடம், காலம் ஆகியவற்றைச் சரியாகச் சொல்பவருக்கே பேச்சுக்குரிய 5 புள்ளியும் கிடைக்கும். வினவுபவர் சிங்களம் மட்டும் அறிந்தவராகவும், விடை சொல்பவர் தமிழ் மட்டும் அறிந்த வாவி மீனவராகவும் இருந்தால், 15 என்பது 14 ஆகலாம். அடிபட்டு இரண்டு மணி நேரத்தின் பின்னும் 15 எட்டப்படாவிடின் சீ.ரீ. ஸ்கான் எடுக்க வேண்டும் என்கிறது நைஸ். இதன் மறுபுறம் இன்னும் கொடியது: உண்மையான மனக்குழப்பத்தை மொழி விளங்காமை என்று தள்ளிவிடவும் கூடும்.

இனி வீடு. தொடர்ந்த சத்தி, கடுந்தலையிடி, வலிப்பு, எழுப்ப இயலாத உறக்கம் ஆகியன கண்டால் உடனே திரும்பி வரவேண்டும். கவனிக்க ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். நல்ல அறிவுரைதான். ஆனால் தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணி செய்ய, பேத்தியாரின் பொறுப்பில் வளரும் படுவான்கரைப் பிள்ளையை நள்ளிரவில் எழுப்பிப் பார்ப்பவர் யார்? 2014 இல் பாலம் திறந்ததால் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்த துயரம் நீங்கிற்று. 1990 என்னும் எண்ணை அழைத்தால் நோயாளர் வண்டியும் வரும். எந்த அடையாளத்தைக் கண்டு அழைப்பது என்பதைப் பேத்தியார் தம் மொழியில் அறிந்திருந்தால்தானே இவை பயன்படும்?

முதல் ஓரிரு நாள் ஓய்வு, பின்னர் படிப்படியாக வேலைக்கும் படிப்புக்கும் திரும்புதல் என்பது இன்றைய கொள்கை. நாட்கூலிக்கு வயல் வெட்டுபவரின் ஓய்வுக்கு ஊதியம் தருபவர் யார்? தலையிடியாலும் மறதியாலும் வாடும் மாணவனைச் சோம்பேறி என்று வகுப்பறையில் ஏசும் ஆசிரியருக்கு இக்கொள்கையை அறிவித்தவர் யார்?

மண்டையோடு கிளாஸ்கோவிலும் கொக்கட்டிச்சோலையிலும் ஒன்றுதானே என்று சிலர் கூறுவர். ஒன்றேதான்; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் பேசும் மொழியும் வேறு. பிரித்தானியர் தம் நாட்டுக்கு எழுதியது அவர்கள் குற்றமன்று. அதற்குக் கிடைத்த உயர்ந்த புள்ளியை நம் மண்ணுக்குரிய தகுதிச் சான்றாகக் கொள்வதே குற்றம். அக்ரீ தடைகளையும் செலவையும் பற்றிக் கேட்கிறது. ஆயின் பிரிவுகளின் புள்ளிகளைக் கூட்டலாகாது என்று கூறி, எது போதிய தரம் என்பதைப் பயன்படுத்துவோரிடமே விட்டுவிடுகிறது. அந்தப் பொறுப்பை நாம் ஏற்க வேண்டும். நடைமுறைப் பயன்பாட்டிற் தோற்ற ஏடு, ஏனையவற்றில் எத்துணை உயர்ந்து நின்றாலும், இங்கு திருத்தப்படாமல் ஏற்கப்படலாகாது.

இதற்கான மரபு நம்மிடம் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, நூல்களும் ஆக்கினார். கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த விபுலாநந்த அடிகள் இவ்வாவிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்தவர். தமிழாசிரியரும் தாதியரும் நோயாளிகளும் ஒருங்கிருந்து, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் அறிவுரைத்தாளை ‘சத்தி’, ‘தலையிடி’ என்னும் மக்கள் சொற்களால் எழுதட்டும். பேத்தியார் அதனை வாசிக்கக் கேட்டு, எப்போது வண்டியை அழைப்பது என்று தாமே திருப்பிச் சொல்லட்டும். அதுவே நாம் வேண்டும் இருபத்து நான்காவது கூறு.