சாசேஜ் தட்டுக்கு ஒரு தராசு

நியூஜெர்சியில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை இட்லிக்கு லீவு. அன்று அடுப்படி மகன் வசம். ஃப்ரிட்ஜிலிருந்து பிரேக்ஃபாஸ்ட் சாசேஜ் பாக்கெட் வெளியே வரும். கொஞ்ச நேரத்தில் வீடெங்கும் பன்றிக் கொழுப்பும் மிளகும் மணக்கும். "எவ்வளவுடா சாப்பிடறே?" என்று கேட்டால் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுவான். "190 கலோரிதான்ப்பா."

எத்தனை சாசேஜுக்கு 190 என்று அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இந்த வழக்கைத் தீர்க்கத்தான் 12 டாலருக்கு ஒரு டிஜிட்டல் சமையலறைத் தராசு வாங்கினேன். ஆறு வாரம் புழங்கிய பிறகு எழுதுகிறேன்.

கையில் எடுத்தால்

ஒரு புத்தகத்தின் அகலம், கண்ணாடி மேல்தட்டு, இரண்டு சின்ன பேட்டரி. 5 கிலோ வரை தாங்கும். 1 கிராம் வரை துல்லியம் காட்டும். கிராமுக்கும் அவுன்ஸுக்கும் மாற ஒரு பொத்தான், பாத்திரத்தின் எடையைக் கழிக்க இன்னொரு பொத்தான். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நுட்பம் பழசு. பாரம் ஏறியதும் ஓர் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்; அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறும்; அந்த மாற்றம்தான் திரையில் எண்ணாக வருகிறது. 1938-லேயே கண்டுபிடித்த சங்கதி.

துல்லியத்தைச் சோதிக்கப் படிக்கல் தேடி அலைய வேண்டாம். அமெரிக்க 5 சென்ட் நாணயத்தின் எடை சரியாக 5 கிராம். பத்து நாணயம் வைத்தேன்: 50. இருபது: 100. தட்டின் மூலையில் வைத்தபோது மட்டும் 1 கிராம் கூடியது. நடுவில் வைத்தால் நம்பலாம்.

முதல் சோதனை: எண்ணிக்கை

பாக்கெட் 340 கிராம், 14 குட்டிச் சாசேஜ். லேபிளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். வறுத்த மூன்று சாசேஜ், 57 கிராம். அதற்கு 190 கலோரி, கொழுப்பு 16 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம், புரதம் 10 கிராம், சோடியம் 460 மில்லிகிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கில் 144 கலோரி கொழுப்பிலிருந்தே வருகிறது. அதாவது முக்கால் பங்கு. இதில் அதிர்ச்சிக்கு இடமில்லை. பச்சை பிரேக்ஃபாஸ்ட் சாசேஜில் எடையில் பாதி வரை கொழுப்பு இருக்கலாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதியே அனுமதிக்கிறது.

மூன்று சாசேஜைப் பச்சையாக நிறுத்தேன்: 73 கிராம். வறுத்த பின் 56. தண்ணீரும் கொழுப்புமாக 17 கிராம் குறைந்துவிட்டது. லேபிள் சொன்ன 57-க்கு இது ஒட்டிவருகிறது. ஆக, லேபிள் மீது குற்றமில்லை.

பிறகு மகனின் தட்டு. ஐந்து சாசேஜ், 94 கிராம். பெருக்கிப் பார்த்தால் கலோரி 310-ஐத் தாண்டுகிறது. சோடியம் 760 மில்லிகிராம் அளவுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராம் என்பது அமெரிக்க லேபிள் வைத்திருக்கும் வரம்பு. அதில் மூன்றில் ஒரு பங்கு காலை ஒன்பது மணிக்கே முடிந்தது. மதியச் சாப்பாட்டின் ஊறுகாய் இனிமேல்தான் வரணும்.

இரண்டாவது சோதனை: வான்கோழி

"அப்போ டர்க்கி சாசேஜ் வாங்கலாம்ப்பா, அது ஹெல்தி" என்றான். வாங்கினோம். அந்த லேபிளும் மூன்று சாசேஜுக்குத்தான் கணக்குச் சொல்கிறது, ஆனால் 68 கிராம். 130 கலோரி, கொழுப்பு 7 கிராம், சோடியம் 450. கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, நிஜம்தான். உப்பு? மூன்றுக்கு மூன்று ஒப்பிட்டால் பத்து மில்லிகிராம்தான் வித்தியாசம். 100 கிராமுக்கு என்று மாற்றினால் பன்றியில் 800-ஐ ஒட்டி, வான்கோழியில் 660-ஐ ஒட்டி. எடை போட்டுச் சாப்பிடுகிறவனுக்கு இது லாபம். எண்ணிச் சாப்பிடுகிறவனுக்குப் பழைய உப்பேதான். என் மகன் எண்ணிச் சாப்பிடுகிறவன்.

மூன்றாவது சோதனை: உருளைப் பாக்கெட்

தராசு தன் விலையைச் சம்பாதித்தது இங்கேதான். குழல் உறையில் அடைத்த 454 கிராம் சாசேஜ் மாவுக்கு எண்ணிக்கையே கிடையாது. நாமே வடை மாதிரி தட்டிக்கொள்ள வேண்டும். லேபிளின் அளவு பச்சையாக 56 கிராம். கண்ணளவில் ஆறு தட்டினேன். மிகச் சிறியது 63, பெரியது 91. முப்பது வருடமாக உளுந்து வடை தட்டிய கை என்ற பெருமை அங்கேயே உதிர்ந்தது.

இதற்கு ஒரு வழி உண்டு. மாவோடு கிண்ணத்தைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திச் சுழியாக்குங்கள். கிள்ளி எடுக்க எடுக்கத் திரையில் கழித்தல் குறியோடு எண் வரும். மைனஸ் 56 வந்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் தனியே தூக்கி வைத்து நிறுக்கிற வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: லேபிள் சொல்வது பச்சை எடையா, வறுத்த எடையா என்று முதலில் பாருங்கள். பச்சைக் கணக்கை வறுத்த எடையோடு பெருக்கினால் எல்லாமே குறைவாகத் தெரியும்; மனசுக்கு இதமாக இருக்கும், கணக்கு தப்பு.

குறைகள்

இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் தானே அணைந்துவிடுகிறது. சாசேஜைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவதற்குள் கழித்து வைத்த பாத்திர எடை போயே போச்சு. பெரிய தட்டு வைத்தால் திரை மறைகிறது. எண்ணெய் விரல் பட்டால் பொத்தான் முரண்டு பிடிக்கிறது. உணவின் பெயரை அழுத்தினால் கலோரியையும் காட்டும் விலை உயர்ந்த தராசுகளும் உண்டு. அவை தேவையில்லை. லேபிளிலேயே 50-க்கு மேற்பட்ட கலோரி பத்து பத்தாகத்தான் அச்சாகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பும் சோடியமும் அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கூடினாலும் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட எண்ணைத் தசமப் புள்ளியோடு பெருக்கி என்ன பயன்?

பெரிய குறை கடைசி வாரம்தான் தெரிந்தது. உப்பைக் குறைக்க வீட்டிலேயே சாசேஜ் செய்யலாம் என்று கொத்திய பன்றிக்கறி வாங்கினோம். 454 கிராமுக்கு ஒரு சதவீத உப்பு என்றால் நாலரை கிராம். இந்தத் தராசில் 4 உண்டு, 5 உண்டு, நாலரை கிடையாது. சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் முதல் சில சிட்டிகைகளை அது கண்டுகொள்வதே இல்லை. எதைக் குறைக்க இவ்வளவு பாடோ, அதை நிறுக்கத்தான் இதற்குக் கை வரவில்லை.

வாங்கலாமா?

பாக்கெட் உணவு தின்கிற வீட்டில் வாங்கலாம். லேபிள் சொல்வது பாதிக் கணக்கு. மீதிப் பாதி உங்கள் தட்டின் எடை. உப்பு, மசாலா நிறுக்க 0.1 கிராம் காட்டும் குட்டித் தராசு தனியாக வேண்டும். எங்கள் வீட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது: சனிக்கிழமை மூன்று சாசேஜ், கூட முட்டை. போன வாரம் நான்காவதை எடுத்தவன் தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பாதியாக வெட்டி ஒரு துண்டை என் தட்டில் வைத்தான். 9 கிராம். நிறுத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.