அட்டையும் உள்பக்கமும்

பழைய கார்ட்டூன் படங்களின் பாட்டுத் தாள்களைச் சேகரிக்கிறவர்களில் பலர் அட்டைச் சித்திரத்துக்காகவே அவற்றை வாங்குகிறார்கள். மூலை மடங்காமல், பென்சில் கீறல் படாமல் இருந்தால் மதிப்பு ஏறுகிறது. வீட்டுப் பியானோவில் வைத்து வாசிப்பதற்கென்று ஸ்வரக் குறிப்புடன் அச்சிட்ட தாள், யாரும் வாசிக்காமல் இருந்தால்தான் உயர்ந்த சரக்காம்! இந்த ரஸனை எனக்குப் பிடிபடவில்லை.

சித்திரம் அழகானது, வாஸ்தவம். ஆனால் விஷயம் உள்ளே இருக்கிறது. 1933-இல் டிஸ்னியின் 'மூன்று பன்றிக்குட்டிகள்' வந்தபோது, ஓநாய்க்குப் பயப்படாத அந்தப் பாட்டை, பொருளாதார மந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த அமெரிக்கா முழுவதும் பாடியது. திரையில் டிஸ்னியின் பெயர் இருந்தது. பாட்டை அமைத்தவர் பெயர் இல்லை. இர்விங் பெர்லின் கம்பெனி வெளியிட்ட தாளைப் பாருங்கள்: ஃபிராங்க் சர்ச்சில் என்றும், கூடுதல் வரிகள் ஆன் ரானெல் என்றும் அதில் இருக்கிறது. திரை விட்டுவிட்டதைத் தாள் சொல்கிறது.

முதல் பக்கத்தின் அடியிலுள்ள பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' பாட்டுகளின் உரிமையும் அந்தக் கம்பெனிக்கே போயிற்று. பின்னர் அது போர்ன் கம்பெனியின் சொத்தாயிற்று. தன் படத்தில் ஒலிக்கும் பாட்டு தன் கையில் இல்லை! 1949-இல் டிஸ்னி சொந்தமாகப் பாட்டு வெளியீட்டுக் கம்பெனி தொடங்கியதன் அர்த்தம் இப்போது புரிகிறதல்லவா? 1950-இல் வந்த 'சிண்ட்ரெல்லா' பாட்டுகளை அந்தக் கம்பெனியே வெளியிட்டது.

இன்னொரு லாபமும் உண்டு. படத்தின் தயவு இல்லாமல் பாட்டு நிற்கிறதா என்று தாளில்தான் தெரியும். 'ஸ்னோ ஒயிட்'டில் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்யச் சொல்லும் பாட்டு, வீடு கூட்டும் பிராணிகளின் வேடிக்கை போனதும் பாதி இளைத்துவிடுகிறது. 'பினோக்கியோ'வில் (1940) நட்சத்திரத்தைப் பார்த்து வேண்டிக்கொள்ளும் பாட்டு அப்படியல்ல. இசை லீ ஹார்லைன், வரிகள் நெட் வாஷிங்டன். எடுத்த எடுப்பிலேயே ஒரு ஸ்தாயி முழுவதும் தாவி ஏறுகிறது மெட்டு. ஆஸ்கார் பரிசு பெற்ற பாட்டு என்பதை மறந்துவிட்டு வாசித்தாலும் அந்தத் தாவலின் துணிச்சல் விரலுக்குத் தெரியும்.

ஆகவே, கடைக்காரர் இரண்டு பிரதிகளை எடுத்துக் காட்டினால், எந்த விரலை எங்கே வைப்பது என்று யாரோ பென்சிலால் குறித்து வைத்திருக்கும் பழசையே வாங்குங்கள். விலையும் குறைவாக இருக்கும்.