நள்ளிரவுத் தோட்டம்

1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் விடியும்வரை நீண்ட ஒரு வானொலி நிகழ்ச்சியின் எஞ்சியுள்ள ஒலிப்பதிவை அண்மையில் கேட்டோம். இங்கிலாந்தின் எசெக்ஸ் கரைக்கப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பலொன்றிலிருந்து, உரிமமின்றி ஒலித்த ‘ரேடியோ லண்டன்’ நிலையத்தின் இறுதி இரவு அது. புதிய சட்டம் அதன் வாயை அடைக்கவிருந்தது.

பகலெல்லாம் குறும்பாடல்களும் விளம்பரங்களுமாய் ஓடிய அந்நிலையத்தில், நள்ளிரவில் மட்டும் ஜான் பீல் என்னும் இளைஞர் ‘நறுமணத் தோட்டம்’ என்ற பெயரில் சைக்கடெலிக் ராக் இசைத்தட்டுகளைத் தம் விருப்பப்படி ஒலிக்கச் செய்தார். நேயர் கடிதங்களையும் வாசித்தார். அவர் பேச்சில் தேன் சற்று மிகுதி. மலர், அன்பு என்னும் அந்நாளைய சொற்கள் இன்று வெளிறியே ஒலிக்கின்றன. ஆயினும் பழக்கமற்ற இசைக்குச் செவிகொடுக்கும் பொறுமை எளியோர்க்கும் உண்டென அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் நம்மை இருத்திக் கேட்கவைத்தது.

பின்னர் பி.பி.சி.யில் சேர்ந்த பீல், 1973-இல் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ என்னும் நெடிய ஆக்கத்தையும் நேயர்க்கு அறிமுகம் செய்தார். 1976-க்குப் பின்னரோ சுருக்கமும் சீற்றமும் மிக்க பங்க் இசைபால் திரும்பினார். புதியதைத் தேடியது குற்றமன்று. ஆனால் நெடும்பாடலுக்குக் காத்திருக்கத் தாமே பழக்கிய பழைய நேயர்களுக்கு, வாரத்தில் ஓர் இரவையாவது அவர் ஒதுக்கியிருக்கலாம்.