கடுவனை மறிக்கும் கதவு

வீட்டுப் பூனை வரலாம், வெளிப் பூனை வரக்கூடாது. கேட்பதற்குச் சின்னக் காரியம்தான். ஆனால் அந்த வேறுபாட்டைக் கதவே அறிந்து நடக்க வேண்டும் என்றால் அது பொறியியல் கேள்வியாகிவிடுகிறது. மட்டக்களப்பில் அது வீடு கட்டும் முறை பற்றிய கேள்வியும்கூட. இன்று விற்பனையாகும் தானியங்கிப் பூனைக் கதவுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றை வாவிக்கரை வீட்டின் பின்கதவில் அப்படியே பொருத்துவது காசைக் கரைக்கும் வேலை என்பதே என் முடிவு. அதே நேரம், அவற்றில் ஒன்றின் தொழில்நுட்பம் சரியான இடத்தில் வைக்கப்பட்டால் நமக்கு உண்மையாகவே உதவும். இரண்டையும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

யாரை மறிக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். வளர்ந்த கட்டாக்காலி நாயைத் தடுக்க மின்னணுக் கருவி எதுவும் தேவையில்லை. வழக்கமான பூனைக் கதவின் வாய் சுமார் 14 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் உயரம். அந்த அளவே நாய்க்குக் காவல். ஊர்க் கடுவனை அளவால் மறிக்க முடியாது. உடம்பில் அதுவும் நம் பூனையைப் போன்றதுதான், அடையாளத்தால் மட்டுமே பிரிக்கலாம். மரநாயும் கீரியும் பூனை நுழையும் துளையில் நுழையக்கூடியவை, நகமும் பொறுமையும் உள்ளவை. அவற்றுக்கு அடையாளம் கேட்கும் கதவோடு உறுதியான பூட்டும் வேண்டும். பாம்பையும் எலியையும் எந்த அடையாளக் கருவியும் நிறுத்தாது. அவை நுழைவது கதவின் விளிம்பில் விடப்பட்ட இடைவெளியால். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு என்பதால் அந்த இடைவெளியைச் சிறிய விடயமாக ஒதுக்க முடியாது.

மறிப்பதற்கான தேவை குசினியில் மீன் களவு போவதோடு முடிவதில்லை. கடுவன்கள் சண்டையிடும்போது கடிகாயங்கள் வழியே பூனைகளின் எதிர்ப்புச்சக்தியைக் குலைக்கும் வைரசு பரவுகிறது. விசர்நாய்க்கடி நோய் பூனை வழியாகவும் மனிதருக்கு வரலாம். இலங்கையில் 1973ஆம் ஆண்டு அந்நோயால் 377 பேர் இறந்தார்கள். 2012இல் அந்த எண்ணிக்கை 38 ஆகக் குறைந்தது. இந்த இறக்கத்துக்கு நாய்களுக்கான தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்கான சிகிச்சையும் பெருங்காரணம். ஆகவே எந்தக் கதவும் தடுப்பூசிக்கு மாற்றாகாது. ஊசி போட்ட பூனைக்குக் கூடுதல் பாதுகாப்பாக மட்டுமே கதவை மதிப்பிட வேண்டும்.

பூனைக்குத் துளை விடும் வழக்கம் பழையது. இங்கிலாந்தின் எக்சிற்றர் பேராலயத்தில், மணிக்கூட்டின் கீழுள்ள கதவில் பூனை போய்வர வெட்டப்பட்ட துளை இன்றும் இருக்கிறது. 1598ஆம் ஆண்டளவில் ஆயர் வில்லியம் கொற்றன் அதை வெட்டுவித்தார். எலி பிடிக்கப் பூனை உள்ளே போக வேண்டும் என்பதே நோக்கம். வேறு பூனை வருவது பற்றி எவரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஒன்றை விட்டு மற்றதை மறிக்கும் கதவு மிகப் பிந்திய தேவை. ஒவ்வொரு வகையும் அந்தத் தேவையை வெவ்வேறு அளவில்தான் நிறைவேற்றுகிறது.

மிக மலிவானது காந்தக் கதவு. பூனையின் கழுத்துப் பட்டியில் சிறு காந்தம் தொங்கும். அது அருகே வந்தால் தாழ் விடுபடும். ஆனால் அந்தத் தாழுக்கு ஒரு காந்தத்துக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. பக்கத்து வீட்டுப் பூனையும் காந்தம் அணிந்திருந்தால் அதற்கும் திறக்கும். இதைவிட மேலானது, தனி எண்ணை அனுப்பும் வில்லையைப் பட்டியில் கட்டுவது. எண் தனியானது என்பதால் அடையாளச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது; பட்டியின் சிக்கல் தீரவில்லை. முள்ளுக்கம்பி வேலியும் மரக்கிளையும் நிறைந்த வளவில் திரியும் பூனைக்கு, இழுபட்டால் தானாகக் கழலும் பட்டியைத்தான் கட்ட வேண்டும். கழலாத பட்டி பூனையின் உயிருக்கு ஆபத்து. கழன்று விழுந்த பட்டியோ மழை இரவில் பூனையை வெளியே நிறுத்திவிடும். பட்டியை நம்பும் எல்லாக் கதவுகளுக்கும் இந்தக் குறை அடிப்படையானது.

மைக்ரோசிப் கதவு இந்தக் குறையைக் கடந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயற்பியலாளர் நிக் ஹில் உருவாக்கி, 2008 அளவில் சந்தைக்கு வந்த ஷுவர்ஃப்ளாப் இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில், அரிசி மணி அளவான கண்ணாடிக் குழாய்க்குள் சிப் ஏற்றப்படுகிறது. அதற்குப் பட்டரி இல்லை. கதவிலுள்ள கம்பிச்சுருள் 134.2 கிலோஹேட்ஸ் அலையை எழுப்பும்போது அந்த அலையின் சக்தியையே எடுத்துச் சிப் தன் 15 இலக்க எண்ணைச் சொல்கிறது. எண் பட்டியலில் இருந்தால் தாழ் விடுபடும். பூனை தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். கதவை அசைப்பது பூனையின் பலம், மின்சாரம் தாழை மட்டும் நகர்த்துகிறது. அதனால்தான் நான்கு சிறு பட்டரிகளால் பல மாதங்கள் ஓட முடிகிறது. அடையாளம் தொலையாது, வாலை நசுக்கும் மோட்டார் இல்லை, வீட்டு மின்சாரத்தை நம்புவதும் இல்லை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருட்டில் கிடந்த நாட்டில், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாட்டிலும் மின்சாரம் நின்ற நாட்டில், இந்தக் கடைசித் தகுதி மிகப் பெரியது.

இந்த வகையிலும் குறைகள் உண்டு. முதல் வடிவத்தில் உள்ளே வரும் வழிக்கு மட்டுமே பூட்டு. வெளியே போகும் வழி திறந்தே இருக்கும். அதாவது தட்டி வெளிப்பக்கமாக எப்போதும் அசையும். பழகிய கடுவன் ஒன்று நகத்தால் அந்தத் தட்டியை வெளியே இழுத்து, கீழால் தலையை நுழைத்துவிடலாம். இது கற்பனை அச்சம் இல்லை. இரு பக்கமும் சிப்பை வாசித்துப் பூட்டும் வடிவம் பிறகு வந்தது. ஆகவே மறித்தலே முதல் நோக்கமானால் ஒருபக்கப் பூட்டுள்ள கதவை வாங்கக்கூடாது. இன்னொரு குறை, நம் பூனை உள்ளே போன கணத்தில் அதன் வாலைப் பிடித்தாற்போல் பின்தொடரும் பிராணி. தாழ் மீண்டும் விழுவதற்குள் ஒரு சில நொடி இருக்கிறது. அதை எந்தச் சிப்பும் அடைக்காது.

கமராவும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த கதவுகள் இப்போது பேசப்படுகின்றன. சியாற்றிலில் அமேசன் ஊழியர் பென் ஹாம் 2019இல் விளக்கிய முயற்சி புகழ்பெற்றது. தன் பூனையின் சுமார் 23,000 படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, பூனை வாயில் இரையோடு வந்தால் கதவு பூட்டிக்கொள்ளச் செய்தார். அது அருமையான வேலை. ஆனால் அது விடை கண்ட கேள்வி வேறு. வாயில் எலி இருக்கிறதா என்பதைப் படத்தால் சொல்லலாம். நள்ளிரவில் நனைந்து வரும் இரண்டு கறுத்தப் பூனைகளில் எது நம்முடையது என்று படத்தால் உறுதி சொல்ல முடியாது; எண்ணால் முடியும். அதோடு கமராக் கதவுக்கு ஓயாத மின்சாரமும், பலவேளை இணையமும் வேண்டும். மறித்தல் என்ற நோக்கத்துக்கு இதை நான் ஏற்கவில்லை.

ஆக, இருபக்கப் பூட்டுள்ள மைக்ரோசிப் கதவே கருவிகளில் முதலிடம் பெறுகிறது. அதை எங்கே வைப்பது என்ற கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிரித்தானிய வீடு குளிருக்கு அஞ்சி இறுக்கி அடைக்கப்பட்டது. அங்கே கதவில் வெட்டிய துளையே பிராணிக்குப் பெரும்பாலும் ஒரே வழி. எங்கள் வீடோ மூச்சு விடுவதற்காகக் கட்டப்பட்டது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி, கதவுக்கு மேலே காற்றுத்துளைக் கல், பகலெல்லாம் திறந்த யன்னல், குசினிப் புகை போக விட்ட வழி. கச்சான் காற்றின் வெக்கையில் இவற்றை அடைத்து எவரும் வாழ முடியாது. இத்தனை வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலுக்கு மட்டும் அடையாளம் கேட்கும் பூட்டுப் போட்டால், கடுவன் மாமரத்தில் ஏறிக் கூரையிடைவெளியால் இறங்கிவிடும். மரநாய்க்கு அதுவே வழக்கமான பாதை. விலை கூடிய கதவைப் பொருத்திவிட்டுப் பயனில்லை என்று சலிப்பவர்கள் கருவியைக் குறை சொல்வார்கள். தவறு, இறுக்கமில்லாத எல்லையில் இறுக்கமான கதவை வைத்ததில் இருக்கிறது.

இதற்கு என் விடை, வீட்டை விட்டுவிட்டு அதைவிடச் சிறிய எல்லையைக் காப்பது. பின் விறாந்தையின் ஒரு மூலையையோ குசினியை ஒட்டிய சிறு சாய்ப்பையோ நெருக்கமான கம்பிவலையால் மேலும் பக்கமும் அடைத்து, பூனையின் சாப்பாடும் தண்ணீரும் படுக்கையும் அங்கே இருக்கும்படி செய்ய வேண்டும். அந்த அடைப்புக்குத்தான் மைக்ரோசிப் கதவு. காற்று தடையின்றி வரும். எல்லை முழுமையாக மூடியிருக்கும். வெளிப் பூனையை இழுப்பது பெரும்பாலும் சாப்பாட்டு மணம். சாப்பாடு பூட்டிய எல்லைக்குள் போய்விட்டால், வீட்டின் மற்றத் துளைகளில் நுழையக் கடுவனுக்குள்ள காரணமும் குறைந்துவிடும்.

அமைக்கும்போது சில நுணுக்கங்கள் உண்டு. கம்பிவலையும் இரும்பும் கதவின் அலையைக் குழப்பும். ஆகையால் கதவை வலையில் நேரே பொருத்தாமல், ஓடாவியைக் கொண்டு அகலமான மரப்பலகையில் நிலை செய்து அதில் பொருத்த வேண்டும். வெளிப்பக்கம் பூனை நேராக வந்து தலை நீட்டும்படி ஒரு மரச் சுரங்கம் அமைத்தால், சிப்பும் நன்றாக வாசிக்கப்படும், பின்தொடரும் பிராணி நெருங்கி நிற்கவும் இடமிருக்காது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, ஆரையம்பதி போன்ற இடங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உப்புக்காற்றில் இருப்பவை. அங்கே பட்டரியின் உலோக முனைகளை அடிக்கடி துடைக்காவிட்டால் பச்சை பூத்துவிடும். வாடைக்கால மழையில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும் என்பதால் கதவை நிலத்திலிருந்து உயர்த்தி, மேலே சிறு தாழ்வாரம் விட வேண்டும். தட்டியின் அடியில் தூரிகை விளிம்பு வைத்தால் பாம்பு நுழையும் இடைவெளி குறையும், முற்றாக நீங்காது. ஆகவே அந்த அடைப்பிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவை இரவில் சாத்துவது அவசியம்.

சொந்தமாகக் கட்ட விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வாசிப்பான்களில் ஒரு வகை 125 கிலோஹேட்ஸில் ஓடுகிறது, இன்னொரு வகை 13.56 மெகாஹேட்ஸில். இரண்டும் பிராணிகளுக்கு ஏற்றும் தர சிப்பை வாசிக்கமாட்டா. 134.2 கிலோஹேட்ஸ் பிராணி வாசிப்பானைத் தேடி வாங்க வேண்டும். மேலிருந்து விழும் மோட்டார்ப் பலகையைத் தவிர்க்க வேண்டும். தள்ளு தட்டியும் சிறு தாழுமே போதும். மின்சாரம் தீர்ந்தால் தாழ் எந்த நிலையில் நிற்கும் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். உள்ளே வரும் வழி பூட்டியும், ஆபத்தில் பூனை தப்பிக்கும் வழி திறந்தும் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. நம் பூனை சில மணிநேரம் தாழ்வாரத்தில் காத்திருக்கலாம். வெள்ளம் ஏறும் இரவில் பூட்டிய அடைப்புக்குள் சிக்கிய பூனைக்குக் காத்திருக்க நேரமில்லை. இந்த ஒரு நிலைக்காக இழுத்து நுழையும் கடுவனின் வாய்ப்பைச் சற்று ஏற்கத்தான் வேண்டும்.

இனித் தீர்ப்பு. காந்தக் கதவும் பட்டி வில்லையும் வேண்டாம். கமராக் கதவு இந்தத் தேவைக்கு உரியதல்ல. ஒருபக்கப் பூட்டுள்ள சிப் கதவு அரை விடை. இருபக்கம் வாசிக்கும் சிப் கதவை வலையடைத்த சிறு எல்லையில், மர நிலையில் பொருத்துவதே முழு விடை. அதற்கு முன் மிருக வைத்தியரிடம் பூனைக்குச் சிப் ஏற்ற வழியுண்டா என்று உறுதி செய்ய வேண்டும். அந்தச் செலவு முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. அதே வலை அடைப்பு, கையால் பூட்டும் சாதாரணத் தட்டி, அந்தியில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பூனையை உள்ளே எடுத்துத் தாழிடும் பழக்கம்: இவை மூன்றும் சேர்ந்தால் இரவின் பெரும்பாலான ஆபத்துகள் அடைபடும். இரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும், பூனைக்குக் கருத்தடையும் ஊசியும் முதலில் நடக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டைப் பூனை உள்ளே இருக்கும்வரை அதைத் தேடிக் கடுவன்கள் வந்துகொண்டேதான் இருக்கும். வெளியே நிற்கும் அந்தப் பிராணியும் பசியால் வரும் சீவன்தான். அதற்கு அடி, நஞ்சு, பொறி எதுவும் இல்லாமல் நம் பூனையைக் காக்க முடிவதால்தான் இந்தக் கதவுக்கு இவ்வளவு மினைக்கெடுவது தகும்.